ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமைச் செய்யுள் வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பாரதியார் நினைவு நாளான செப்டம்பர் 11-ஐ அடுத்து வந்த சனிக்கிழமை, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். நம் திருவல்லிக்கேணிப் பிள்ளைகள் பலர் அன்றைக்குத்தான் முதல் முறையாக உள்ளே நுழைந்தார்கள். மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் செய்யுள் வகுப்பில்தான் போனது. அதைப் பற்றியே சொல்கிறேன்.

ஜூனில் தொடங்கியபோது பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தோம்: பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர். அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான். இரண்டு மாதத்தில் அது சரிவரவில்லை என்று தெரிந்துவிட்டது. ‘கேட்கும்’ குழுவில் இருந்த பெண் படம் வரைய ஆசைப்பட்டு அடுத்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பிள்ளையை ஒரு வகையில் அடைத்து அந்த வகையிலேயே சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பிரிவினையை அன்றோடு விட்டோம். ஒரே பாட்டை எல்லாரும் கேட்பது, தட்டுவது, தொடுவது, வரைவது, கடைசியில் எழுதுவது என்று மாற்றிக்கொண்டோம்.

அலகிடுதல், அதாவது செய்யுளைச் சீராகவும் அசையாகவும் பிரித்துப் பார்ப்பது என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். குறிலோ நெடிலோ தனியாக வரும் நேர் அசைக்கு ஒரு தட்டு, இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து வரும் நிரை அசைக்கு இரட்டைத் தட்டு என்று வைத்தோம். முதல் குறளையே எடுத்தோம். ‘அகர’ என்றதும் இரட்டைத் தட்டு, ஒற்றைத் தட்டு: அந்த அமைப்புக்கு இலக்கணத்தில் பெயர் புளிமா. ‘ஆதி’க்கு ஒற்றை, ஒற்றை: தேமா. கடைசிச் சீர் ‘உலகு’ வந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘உல’வுக்கு இரட்டைத் தட்டுத் தட்டிவிட்டு, ‘கு’வில் கையை நிறுத்திவிட்டான். “இது முழுத் தட்டு இல்ல மிஸ், பாதிதான் வருது” என்றான். சொல்லின் கடைசியில் உகரம் ஒலிக்கும் நேரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதுதானே குற்றியலுகரம்! அதனால்தான் அந்தச் சீர் ‘பிறப்பு’ வாய்பாட்டில், அதாவது நிரை அசையோடு குற்றியலுகரம் சேரும் அமைப்பில், நிற்கிறது. வரையறையைப் படிக்காமலே அவன் கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் வகுப்பு இல்லை. அடுத்த வாரம் குறுந்தொகையில், காதலர் நெஞ்சம் கலந்ததைச் செம்மண்ணில் விழுந்த மழைநீருக்கு உவமை சொல்லும் ‘செம்புலப் பெயல்நீர்’ பாட்டு. நர்சரியில் ஒரு பை செம்மண் வாங்கி வந்து தட்டில் பரப்பி, பிள்ளைகளையே சொம்பால் நீர் ஊற்றச் சொன்னோம். தண்ணீர் சிவந்தது. பார்வைக் குறைபாடுள்ள மாணவி விரலை விட்டுக் குழைத்துப் பார்த்து, “இனிமே இது தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல” என்றாள். உவமைக்கு விளக்கம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பாட்டுக்குப் போனோம்.

இனி மதிப்பீடு. மேலே சொன்ன பையனின் பள்ளித் தேர்வுத் தாளை அவன் அம்மா கொண்டு வந்து காட்டினார். ‘அடிபிறழாமல் எழுதுக’ வினாவில் அடிகள் எல்லாம் வரிசையாகவே இருந்தன. ர-வும் ற-வும் மாறியிருந்தன, இரண்டு இடத்தில் ஒற்று இல்லை. மதிப்பெண் பூஜ்யம். அதே பாட்டை அவர் முன்னாலேயே ஒரு சீர் பிசகாமல் சொன்னான். அந்தப் பூஜ்யம் அவனுடைய எழுத்துப் பிழைக்குப் போட்டது, பாட்டுக்குப் போட்டது இல்லை.

மனப்பாடமே வேண்டாம் என்று சில பெற்றோர் கேட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. நெஞ்சில் தங்கிய பாட்டு ஆயுளுக்கும் கூட வரும். ஆனால் அதை வாயால் சொல்லிக் காட்டவும் வழி இருக்க வேண்டும். நம் வகுப்பில் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: பாட்டில் பேசுவது யார், உவமை எதைச் சொல்கிறது, ஓசை எங்கே மாறுகிறது, உனக்குப் பிடித்த அடி எது, ஏன்? பதிலை எழுதலாம், பேசலாம், வரைந்து விளக்கலாம். எழுத்துப் பிழையைத் தனித் தாளில் குறித்துக் கொடுக்கிறோம், அதற்காகப் பாட்டின் மதிப்பெண்ணில் கை வைப்பதில்லை. இப்படித் திருத்த நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆசிரியர்கள் முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடி வராதீர்கள், இப்போதே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.

வரும் ஆண்டில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப் போக எண்ணம். பாடநூல் செய்யுள்களைக் குரலில் பதிந்து வைக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. நிதானமாக, சீர் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்