முதல் பருவ மடல்: சனிக்கிழமை நான்கு மணி குறித்தும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. காலாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் பதற்றமின்றி எழுதினார்கள். கபடி அணி நன்றாக ஆடியது. பேச்சு, கட்டுரைப் போட்டிகளில் பலர் பரிசு பெற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, சனிக்கிழமைக் கைவினை வகுப்பு.

விளாச்சேரியிலிருந்து பொம்மை செய்யும் ஐயா ஒருவரும், திருமலை நாயக்கர் மகால் பகுதியிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அம்மா ஒருவரும் வந்து கற்றுத்தருகிறார்கள். இருவரும் ஊதியம் கேட்கவில்லை. பஸ் கட்டணத்தைக்கூட வாங்க மறுக்கிறார்கள். துணியை நக நுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் தோய்த்துக் காயவைத்து அவிழ்த்தால், சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி இதுதான். அச்சில் புள்ளி வைத்த சேலையைத்தான் நானும் பல ஆண்டுகள் சுங்குடி என்று நம்பிக் கட்டியிருந்தேன். அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார். முடிச்சுப் போட்ட துணி புள்ளிக்குப் புள்ளி சுருங்கி மேடுதட்டியிருக்குமாம்.

வகுப்பு நான்கு மணிக்கு முடிகிறது. கடந்த நான்கு வாரங்களில் ஒருநாள்கூடக் கடைசிப் பிள்ளை ஐந்தேகாலுக்கு முன் வீடு போகவில்லை. சனிக்கிழமை மாலை பெரியார் பேருந்து நிலையத்தைத் தாண்டி வருவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். “வாட்ச்மேன் இருக்கிறாரே” என்றார் ஒரு பெற்றோர். இருக்கிறார். ஆனால், “சொல்லிக்கொடுத்த பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன் டீச்சர்?” என்று சுங்குடி அம்மா நகர மறுக்கிறார். அவருக்கு வேலைக்கு ஏற்பத்தான் கூலி; இங்கே காத்திருக்கும் ஒரு மணி நேரம் அவர் வீட்டில் போடாத முடிச்சுகள். ஐயாவுக்கோ இது கொலுப் பொம்மைக் காலம். வெளிச்சம் இருக்கும்போதே பொம்மைகளுக்குக் கண் எழுத வேண்டியவர், நம் தாழ்வாரத்தில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

காசு வாங்காதவர்களின் நேரத்துக்கு மதிப்பில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். தாமதமாக வந்துவிட்டு, அந்த அம்மாவிடமே வாசலில் நின்று சேலைக்குப் பேரம் பேசியதையும் பார்த்தேன், தலைகுனிந்தேன். இனி 4.15-க்குள் அழைத்துச் செல்லப்படாத பிள்ளைக்கு அடுத்த வார வகுப்பில் இடமில்லை. பிள்ளைமேல் தவறில்லை என்பதால் இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் விதி விதிதான்.

பெரும்பாலானோர் நேரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. சுங்குடி அம்மாவைத் தம் ஆட்டோவிலேயே வீடுவரை கொண்டுபோய் விடும் ஆறாம் வகுப்பு மாணவியின் அப்பாவுக்கு இன்னும் ஒரு நன்றி.

விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை சாயம் தோய்க்கிறோம். பட்டால் போகாது, பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை