கூழ்வத்தலில் விழுந்த உமி: கீழ்வீட்டு அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன வாரம் வத்தல் காயப்போட்ட வேட்டியை அப்படியே சுருட்டிக்கொண்டு மாடிக்கு வந்தீர்கள். பாதி காய்ந்த கூழ்வத்தல் மேலெல்லாம் தினை உமி. “இந்தப் புறாச் சனியன்” என்று நீங்கள் ஆரம்பித்ததும் நானும் தலையாட்டிவிட்டேன். உண்மையில் அது புறாவின் வேலை இல்லை. புறா தானியத்தை முழுசாக விழுங்கிவிடும். சிட்டுக்குருவிதான் ஒவ்வொரு மணியாக அலகில் உருட்டி, தோலைத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். நான் ஆசைப்பட்டுக் கூப்பிட்ட விருந்தாளிதான் குற்றவாளி. வாசலில் நின்று இதைச் சொல்ல வாய் வரவில்லை. மாடியில் தீனி வைத்துக் கீழ்வீட்டில் திட்டு வாங்குகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது என் முதல் முயற்சி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சூடாக்கிய ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டு, மரக்கரண்டி ஒன்றைக் குறுக்கே செருகினேன். கரண்டிக் குழி வெளியே வருகிற பக்கம் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தானியம் தானாகச் சரிந்து வரும். அடியில் ஊசித் துளைகள், மழைத் தண்ணீர் வடிய. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே புறா வந்து கரண்டியில் உட்கார, பாட்டில் சாய்ந்து மொத்தத் தினையும் உங்கள் முற்றத்தில். குருவி முப்பது கிராம்கூட வராது, புறா முந்நூறு கிராம் இருக்கும். அந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

இப்போது மாற்றிவிட்டேன். பரணில் கிடந்த பழைய டேபிள் ஃபேன் ஞாபகம் இருக்கிறதா, மோட்டார் எரிந்துபோனது? அதன் முன்கூண்டையும் பின்கூண்டையும் சேர்த்துக் கட்டி, கம்பிகளில் மூன்றுக்கு இரண்டை வெட்டி எடுத்தேன். இடைவெளி சுமார் நாலு சென்டிமீட்டர். குருவி நுழையும், புறாவும் காக்கையும் நுழையாது. அணில் நுழைந்துவிடும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. வெட்டிய முனைகளை அரத்தால் ராவிவிட்டேன், இல்லையென்றால் இறக்கையைக் கிழிக்கும். உள்ளே தொங்குவது கொட்டாங்குச்சி, அதற்குக் கீழே விளிம்பு உயர்ந்த பழைய எவர்சில்வர் தட்டு. சிந்துவதெல்லாம் தட்டோடு நின்றுவிடும். தட்டும் கூண்டுக்குள்ளேயே இருப்பதால் புறாவுக்கு உட்கார இடமில்லை.

தினையையும் நிறுத்திவிட்டேன். கம்பு வைக்கிறேன், கூடக் கொஞ்சம் குருணை. கம்பில் உமி ஒட்டிக்கொண்டிருக்காது, துப்பவும் ஒன்றும் இருக்காது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் உங்கள் வத்தல் தப்பித்திருக்கும். காலையில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும், மிஞ்சினால் எலி வரும். வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியம் பறவைக்கு நோய்.

உங்கள் பேரன் மிக்சர் போட ஆசைப்படுகிறான். உப்பும் எண்ணெயும் குருவிக்கு ஆகாது என்று சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டான்.

எங்கள் ஆச்சி வீட்டில் இந்த வம்பே கிடையாது. அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார்கள். உமி விழும், காலையில் வாசலோடு சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். தாழ்வாரத்துக்குக் கீழே யாருடைய வத்தலும் காயவில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று கேட்கலாமா? உங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள். தானியம் பெரிய குருவிக்குத்தான். கூட்டில் இருக்கும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். நான் என்ன கட்டித் தொங்கவிட்டாலும் அதைத் தர முடியாது. உங்கள் செடியில் அது நிறையவே இருக்கிறது, நீங்களே சலித்துக்கொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் கிண்டும்போது கூப்பிடுங்கள். வத்தல் பிழிய வருகிறேன். அப்படியே முற்றத்தில் எந்த இடத்தில் காயப்போடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டு, மேலே கூண்டை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
மாடிவீட்டுத் தம்பி