ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுங்கள்: டர்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

சொகுசு செடான் கார்களை வடிவமைக்கும் மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கும், அவற்றைத் தென்னாப்பிரிக்காவில் விற்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். என் கார் எந்த நிறுவனத்துடையது என்று இங்கே எழுதவில்லை. அவர்களுக்கு நேரடியாக மூன்று முறை எழுதிவிட்டேன், விவரமெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. இந்த மடல் உங்கள் எல்லாருக்கும். ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் உங்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறீர்கள். மாடலைப் புதுப்பிக்கும்போது டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை, அதாவது உபரிச் சக்கரத்தை, எடுத்துவிட்டீர்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

பழைய மாடலை 2014-லிருந்து 2023 வரை ஓட்டினேன். அதன் பிறகு அதே பெயரில் வந்த புதிய மாடலை வாங்கினேன், விலை கிட்டத்தட்ட ஒரு வீட்டின் விலை. புதியதில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே சத்தமே கேட்பதில்லை. எதிரே வண்டி வந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிற முன்விளக்கு அருமையான வேலை, அதைச் செய்தவரைப் பார்த்தால் கை கொடுப்பேன். ஊருக்குள் பாதி நேரம் பேட்டரியிலேயே ஓடுகிறது, பெட்ரோலே செலவாவதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சரி, போன ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். முடிந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டர்பனுக்குக் கிளம்பினோம், நானும் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு 82 வயது, சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலும் ஆபரேஷன் செய்தது. என்-3 நெடுஞ்சாலையில் வார்டன் தாண்டி ஹாரிஸ்மித் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. முன்னால் போன லாரி ஒரு பக்கமாக ஒடித்து விலகியது, அது ஏன் விலகியது என்று எனக்குப் புரிவதற்குள் குழியில் இறங்கிவிட்டோம். இடது முன்சக்கரம். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது, வண்டியை மெதுவாக மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

டிக்கித் தளத்தைத் தூக்கினால் அங்கே நீங்கள் எங்களுக்கு வைத்திருப்பது ஒரு புட்டிப் பசையும், சின்னக் காற்றடிக்கும் கருவியும். ஆணி குத்தினால் அந்தப் பசை வேலை செய்யும். டயரின் தரை படும் பாகத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் துளை என்றால் அடைத்துக்கொள்ளும். பக்கச்சுவர் கிழிந்தால் அதற்கு வேலையே இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் முயற்சி செய்தேன், வேறு என்ன செய்வது. அத்தனையும் வெள்ளையாகக் கிழிசல் வழியே வெளியே வந்து ஜல்லியில் வழிந்தது.

உதவி எண்ணில் பேசிய பெண் மரியாதையாகவே பேசினாள், ஒன்றரை மணி நேரத்தில் வண்டி வரும் என்றாள். வான் ரீனன் கணவாயில் விபத்தாம், அதனால் வண்டி வர நான்கரை மணி நேரம் ஆயிற்று. ஜூலையில் ஹாரிஸ்மித் பக்கம் ராத்திரி எப்படிக் குளிரும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரவில் என்-3 ஓரத்தில் நிற்கக்கூடாது என்பதையும்தான். விளக்கைப் போட்டால் எங்கோ இருட்டில் இருப்பவன் பார்ப்பான், போடாவிட்டால் லாரிக்காரன் பார்க்க மாட்டான். கதவைப் பூட்டிக்கொண்டு ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏழரை மணிக்கு அம்மா கேட்டாள், "ஏய்யா, இன்னும் எம்புட்டு நேரமாகும்?" ஏன் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை, மனைவிக்குப் புரிந்தது. அம்மா அரை மணி நேரம் பொறுத்தாள். அப்புறம் இருவருமாக அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, கார் ஓரத்தில் நிறுத்தி, கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து மனைவி மறைவாகப் பிடித்தாள். காற்றில் புடவை நிற்கவில்லை. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அந்த இடத்தையே பகலாக்கிவிட்டுப் போயின. அம்மாவால் குந்தி உட்கார முடியாது. முடியாது, வேண்டாம் என்று சொல்லி மறுபடி காருக்குள் ஏறிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை டர்பன் வந்து சேரும் வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆமாம், செவ்வாய்க்கிழமை. அந்த அளவு டயர் ஹாரிஸ்மித்தில் கிடைக்கவில்லை, பெத்லகேமிலும் இல்லை, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர வேண்டியிருந்தது. இரண்டு இரவு விடுதியில் தங்கினோம். பராமரிப்புத் திட்டத்தில் டயர் சேராது என்பதால் அந்தச் செலவும் என்னுடையதே. பணத்தைப் பற்றி நான் எழுதவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுய்யா, அவனுக வீட்லயும் கிழவி இருப்பா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

இதே சாலையில் 2017-இல் மூயி ரிவர் பக்கத்தில் பழைய மாடலின் டயரும் இப்படித்தான் போயிற்று. இருபத்தைந்து நிமிடம். ஜாக்கி போட்டேன், நட்டைக் கழற்றினேன், டிக்கியிலிருந்து முழு அளவுச் சக்கரத்தை எடுத்து மாட்டினேன், கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மா பின் சீட்டில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அன்றைக்கு நடந்ததை ஒரு சம்பவம் என்றுகூட நாங்கள் நினைக்கவில்லை, வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவும் இல்லை.

இரண்டு காருக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழையதில் 225/60 ஆர் 17 டயர், பக்கச்சுவரின் உயரம் 135 மில்லிமீட்டர். புதியதில் 245/40 ஆர் 20, பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர். ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே இருந்த ரப்பரில் 37 மில்லிமீட்டரைக் குறைத்திருக்கிறீர்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக. டயர் சீக்கிரம் கிழியும்படி ஒரு மாற்றம், கிழிந்தால் மாற்றிக்கொள்ள முடியாதபடி இன்னொரு மாற்றம், இரண்டையும் ஒரே காரில் ஒரே சமயத்தில் செய்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காவது இது தோன்றவில்லையா?

எடை குறையும், புகைக் கணக்கு குறையும் என்று பதில் வந்தது. ஒரு ஸ்டெப்னி எவ்வளவு கனம், 20 கிலோ இருக்குமா? என் புதிய கார் பழையதைவிட 300 கிலோவுக்கு மேல் அதிகம், காகிதத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். பேட்டரிக்கு இடம் வேண்டும் என்றார்கள், அது நியாயம்தான், ஆனால் பேட்டரி இல்லாத சாதாரண பெட்ரோல் மாடலிலும் அதே பசைப் புட்டிதானே இருக்கிறது. ரன்-ஃபிளாட் டயர் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். காற்று போன பிறகு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பதுதான் அதன் வழக்கமான கணக்கு. ஹாரிஸ்மித்திலிருந்து டர்பன் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் வெகுதூரம் இருக்கும் வறண்ட கரூ பக்கம் என்-1 நெடுஞ்சாலையில் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அதோடு பக்கச்சுவரே கிழிந்துபோனால் ரன்-ஃபிளாட்டும் நிற்காது.

ஸ்டெப்னி என்று நான் சொன்னால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரிவதில்லை, ஸ்பேர் வீல் என்றால்தான் தெரியும். நான் திருநெல்வேலிக்காரன், எனக்கு அது ஸ்டெப்னிதான். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவின் பெயரிலிருந்து வந்த வார்த்தை அது. 1904-இல் அங்கே இரண்டு சகோதரர்கள் கார்களுக்கு உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் டயர் போனால் வழியில் உட்கார்ந்து ஒட்டித்தான் ஆக வேண்டும். நூற்றிருபது வருஷம் கழித்து மறுபடி எங்களைப் பசையோடு வழியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உம்கெனி ரோடு கோயிலுக்கு வருகிறவர்களில் நாங்கள் ஐந்து பேர் இதே காரை வைத்திருக்கிறோம், மூன்று பேரிடம் புதியது, இரண்டு பேரிடம் பழையது. பூஜை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பேச்சு எங்கே சுற்றினாலும் இதற்குத்தான் வரும். டோங்காட்டிலிருந்து வரும் டாக்டர் பழைய காரில் 2,40,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். மாற்றுங்கள் என்று ஷோரூமிலிருந்து மாதம் ஒருமுறை போன் வருகிறதாம். "டிக்கியில் சக்கரம் வைத்த அன்றைக்குக் கூப்பிடு தம்பி" என்று சொல்லி வைத்துவிடுகிறார். புதியதை வாங்கிய மூவரும் பழையதை விற்றதற்காக வருந்துகிறோம். வாங்கியவனே வருந்துகிறான் என்றால் உங்களுக்கு அது சின்ன விஷயமா?

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இடம் கிடைத்ததே என்று. பழையதில் ஏசியைக் குறைக்கக் கையை நீட்டினால் போதும், குமிழ் அங்கே இருக்கும், கண் சாலையிலேயே இருக்கும். புதியதில் எல்லாமே திரைக்குள். பின்னால் அம்மாவுக்குக் குளிருகிறது என்றால் நான் திரையைப் பார்த்து, பக்கத்தைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து தேட வேண்டும். 2022-இல் சுவீடனில் வி பீலாகரே என்ற கார் இதழ் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005-ஆம் வருஷத்து வால்வோ காரில் நான்கு வேலைகளை முடிக்க 10 விநாடி, புதிய திரைக் கார்களில் மிக மோசமாக வந்த ஒரு காருக்கு 45 விநாடி. அதற்குள் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் மாதிரி முக்கியமானவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொன்ன பிறகே உங்களில் சிலர் பொத்தானைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள். உட்புற விளக்குக்கு 64 வண்ணம் கொடுக்க முடிகிறது. யாரும் கேட்காததை இவ்வளவு கவனமாகச் செய்கிறவர்களிடம், இருந்ததை எடுக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சாலை எப்படிப்பட்டது என்று தெரியாது என நீங்கள் சொல்ல முடியாது. பிஎம்டபிள்யூ ஜெர்மனிக்கு வெளியே நடத்திய முதல் தொழிற்சாலை 1973-இலிருந்து பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில் இருக்கிறது. ஈஸ்ட் லண்டனில் மெர்சிடிஸ் சி-கிளாஸ் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதே ஈஸ்ட் லண்டன் தொழிலாளர்கள்தான் 1990-இல், சிறையிலிருந்து வெளியே வந்த மண்டேலாவுக்காகக் கூடுதல் கூலி வாங்காமல் சிவப்பு நிற எஸ்-கிளாஸ் ஒன்றைச் செய்து, ம்தன்ட்சானே மைதானத்தில் வைத்துச் சாவியைக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கைகள் உள்ள நாடு இது. அவர்களில் யாரையாவது கூப்பிட்டு, இந்த நாட்டுச் சாலைக்குப் புறப்படும் காரில் ஸ்டெப்னி வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் க்வாசூலு-நடால் மாகாணத்தின் சாலைகள் என்ன ஆயின என்பதையும் அவர்களே சொல்வார்கள். குழியை மூட வேண்டியது அரசாங்கம், அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் குழி இருக்கும் நாட்டில் விற்கிறவர் குழியை மனதில் வைத்து விற்க வேண்டும்.

முழு அளவுச் சக்கரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. ஒல்லியான தற்காலிகச் சக்கரம் போதும், அடுத்த ஊர் வரை போய்ச் சேர்ந்தால் போதும். இலவசமாகவும் வேண்டாம், கூடுதல் விலை போட்டுப் பட்டியலில் வையுங்கள், வாங்கிக்கொள்கிறோம். டிக்கியில் அதற்கு ஒரு பள்ளமும், சக்கரத்தை இறுக்க ஒரு திருகும், ஒரு ஜாக்கியும் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட கார்களுக்கும் பொருத்தித் தர ஒரு வழி செய்யுங்கள்.

இப்போது நானே ஒரு சக்கரம் வாங்கி, பழைய போர்வையில் சுற்றி, டிக்கியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அதற்கென்று இடம் இல்லாததால் அது நடுவில் நிற்கிறது. அம்மாவின் மடக்கு நாற்காலி இனி டிக்கிக்குள் நுழையாது. செப்டம்பரில் மறுபடி லெனேசியா போக வேண்டும், பேரனுக்குக் காது குத்து. சக்கரத்தை எடுத்துப் போவதா நாற்காலியை எடுத்துப் போவதா என்று நானும் மனைவியும் யோசித்துக்கொண்டிருந்தோம், அம்மா குறுக்கே வந்து, "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

செப்டம்பருக்குள் ஒரு பதில் எழுதுங்கள். ஸ்டெப்னியைத் தாருங்கள், தயவுசெய்து.

மரியாதையுடன்,
பழைய மாடலையும் புதிய மாடலையும் ஓட்டிய ஒரு வாடிக்கையாளன்
சாட்ஸ்வொர்த், டர்பன்