பனியையும் எழுதுங்கள்: ரோஜர்ஸ் பாஸ் மலைகளுக்குச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

கல்கரி, எட்மன்டன், வான்கூவர் நகரங்களிலிருந்து குளிர்காலத்தில் மேற்குக் கனடாவின் ரோஜர்ஸ் பாஸ் கணவாய்ப் பகுதிக்கு ஸ்கீ டூரிங் (ஸ்கீ கட்டியபடியே மலையேறி இறங்கும் பயணம்) சென்று, சென்று வந்ததைத் தமிழில் எழுதித் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பயணக் குறிப்புகளை விடாமல் வாசித்துவருபவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். அவற்றில் எழுத்து நயத்துக்குக் குறைவே இல்லை. விடியுமுன் இல்லசில்லவெட் வாகனத் தரிப்பிடத்தில் விறைத்த விரல்களோடு ஏறும்போது வழுக்காதிருக்க ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டுவது, அசல்கன் பள்ளத்தாக்கில் மணிக்கணக்கில் ஏறுவது, மேலே மேகம் விலகிப் பனியாறு தெரியும் நேரம், இறங்கும்போது முழங்காலளவு பொடிப்பனி என எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அன்றைய பனி எப்படிப்பட்டது என்று தேடினால், ‘அருமையாக இருந்தது’, ‘கல்லைப் போல உறுதி’, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பவற்றுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: பனியில் நீங்கள் கண்டதை, எந்த உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்த சரிவில், எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள், உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பிய நாள்களையும் எழுதுங்கள், ஒரு சரிவு பாதுகாப்பானது என்ற தீர்ப்பை மட்டும் எழுதாதீர்கள்.

ஏனென்றால், ஒரு சரிவில் இறங்கி நலமாகத் திரும்பினோம் என்பது அந்தச் சரிவு உறுதியாக இருந்ததற்குச் சான்றாகாது. பலகை போல இறுகிய மேலடுக்கும் அதற்கு அடியில் பலவீனமான ஓர் அடுக்கும் இருக்கும் இடத்தில், மேலடுக்கு எங்கே தடிமனாக இருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தடித்த இடத்தின் மேலாக நால்வர் கடந்துபோயிருக்கலாம். ஐந்தாமவர் இரண்டு மீட்டர் தள்ளி, பாறையொன்றின் அருகே மெலிந்த இடத்தில் கால்வைத்த கணத்தில் முழுச் சரிவும் பிளந்து கிளம்பலாம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான் புறப்படுகின்றன. நாம் ஆசையோடு தேடிப்போகும் சரிவுகளும் அவையே. தப்பித்த நாளும் தகுதியான நாளும் இறங்குபவருக்கு ஒரேபோலத்தான் தோன்றும். ஆகவே ‘உறுதி’ என்று நீங்கள் எழுதும்போது உங்கள் நற்பேற்றை அடுத்தவருக்கு அறிவாக எடுத்துக் கொடுக்கிறீர்கள். அதை வாசிப்பவர் மூன்று நாள் கழித்து, இடையில் காற்று வீசி, 30 செ.மீ. புதுப்பனி விழுந்த பிறகு அங்கே போகிறார்.

ரோஜர்ஸ் பாஸ் இந்தப் பாடத்தைப் பலமுறை பெரும் விலை கொடுத்துக் கற்ற இடம். 1910 மார்ச் 4 இரவு, ஏற்கெனவே விழுந்து கிடந்த ஒரு பனிச்சரிவை ரயில் பாதையிலிருந்து அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கியதில் 58 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஜப்பானியர். அதன் பிறகு ரயில் நிறுவனம் கணவாயையே கைவிட்டு, 1916 இல் கொனாட் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டது. 1962 இல் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை அதே கணவாய் வழியாகத் திறக்கப்பட முடிந்ததென்றால், அதற்கு 1950களில் நோயல் கார்ட்னர், பீட்டர் ஷேரர் போன்றவர்கள் குளிர்காலம் முழுதும் அங்கே இருந்து, எந்தப் பாதையில் எப்போது எவ்வளவு பனி இறங்கியது என்று எழுதிவைத்த குறிப்புகளும் ஒரு காரணம். இன்று நாம் வண்டியை நிறுத்தும் சாலையே அத்தகைய குறிப்புகளின் மேல்தான் கிடக்கிறது.

2002–03 குளிர்காலத்தை உங்களில் சிலர் அறிவீர்கள். நவம்பரில் உருவான ஓர் உறைமேலோடும் (நனைந்த மேற்பரப்பு மீண்டும் உறைந்த கடினப் படலம்) அதையொட்டி வளர்ந்த பலவீனமான படிகங்களும் பல மாதங்கள் பனிக்குள் புதைந்து கிடந்தன. ஜனவரி 20 அன்று செல்கிர்க் மலைகளில், டுரண்ட் பனியாற்றுப் பகுதியில் ஏழு பேர் இறந்தனர். பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, ரோஜர்ஸ் பாஸில் கொனாட் ஓடைப் பள்ளத்தாக்கின் வழியே பள்ளிக்கூடக் குழு ஒன்று ஏறிக்கொண்டிருந்தபோது கியோப்ஸ் மலையின் வடமுகத்திலிருந்து தானாகக் கிளம்பிய பனிச்சரிவு மாணவர் எழுவரைக் கொன்றது. அந்த ஒரே குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவால் இறந்தவர்கள் 29 பேர். இன்று அவலான்ச் கனடா என்று அழைக்கப்படும் பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பு 2004 இல் ரெவல்ஸ்டோக்கில் தொடங்கப்பட்டதும், நிலப்பகுதிகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று வகைப்படுத்தும் அளவுகோலைத் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா உருவாக்கியதும் அந்தத் துயரத்துக்குப் பிறகே.

‘பனிச்சரிவு முன்னறிவிப்பாளர்கள் இருக்கிறார்களே, நாங்கள் எழுதி என்ன ஆகப்போகிறது?’ என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குத் தெரியும். அவர்களும் கண்ணால் காண்பவர்களை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஓர் அறிக்கை எழுதுபவர் எல்லாச் சரிவிலும் நிற்க முடியாது. கனடாவின் ஹெலிகாப்டர் ஸ்கீ நிறுவனங்களும் ஸ்கீ மையங்களும் நெடுஞ்சாலைக் குழுக்களும் 1991 முதல் இன்ஃபோஎக்ஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக அன்றன்று கண்டதைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. தொழிலில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருப்பவை, வாடிக்கையாளரைப் பகிராதவை, பனியைப் பற்றிய செய்தியை மட்டும் பகிர்கின்றன. பிழைப்புக்காக மலையேறுபவர்கள் இதைச் செய்யும்போது, பொழுதுபோக்காக ஏறும் நாம் ஒரு படத்தையும் இரண்டு வியப்புக்குறிகளையும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொதுமக்கள் தாம் கண்டதைப் பதிவு செய்ய அவலான்ச் கனடா நடத்தும் மவுன்டன் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க் இருக்கிறது. சுருக்கமான குறிப்பு ஒன்றை அங்கே இட அதிக நேரம் ஆகாது. நமக்குள் தமிழில் எழுதுவதை அங்கேயும் ஆங்கிலத்தில் நான்கு வரியாக இட்டால், மறுநாள் அறிக்கை எழுதுபவரின் மேசைக்கும் அது போய்ச்சேரும்.

பனியை எழுதுவது என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஏறும் வழியில், நீங்கள் இறங்க நினைத்திருக்கும் சரிவைப் போன்றே திசையும் உயரமும் கொண்ட, ஆனால் விழுந்தாலும் ஆபத்தில்லாத ஒரு சிறு சரிவில், பனியடுக்குகளின் உறுதியைச் சோதிக்கக் குழி தோண்டுகிறீர்கள். குழியின் சுவரில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் கொண்ட ஒரு தூணை ரம்பத்தால் தனியாக அறுத்தெடுத்து, அதன் தலைமேல் ஷவலின் (பனி வாரும் மண்வெட்டி) தகட்டை வைக்கிறீர்கள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனியால் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து இறுக மூடிய கையால் பத்து. (தட்டும் வேலையை எப்போதும் குழுவிலேயே மிகப் புதியவரிடம் தள்ளிவிட்டு மற்றவர்கள் பிளாஸ்கைத் திறக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதையும் மாற்றிக்கொள்ளலாம்.) பதின்மூன்றாவது தட்டில், மேலிருந்து 45 செ.மீ. ஆழத்தில், கத்தியால் அறுத்தது போலச் சமமான ஒரு தளத்தில் தூண் பிரிந்து மடியில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தைக் கையுறையால் வழித்து, கறுப்புத் தகட்டின் மேல் தூவிப் பார்த்தால் இறகு போன்ற தட்டையான படிகங்கள் மின்னும். வானம் தெளிந்த குளிரிரவில் பனியின் மேற்பரப்பில் பூக்கும் உறைபனி அது. ஸ்கீ உலகில் சர்ஃபேஸ் ஹோர் என்பார்கள். பூத்தபோது அழகாக இருந்தது, பிறகு விழுந்த பனியில் அப்படியே நின்றபடி புதைந்துபோனது; வாரக்கணக்கில் கரையாமல் உள்ளே இருக்கும்.

இதைக் குறிப்பில் எழுத இரண்டு வரி போதும்: ‘1,950 மீட்டர், வடகிழக்கு பார்த்த சரிவு, 32 பாகை, காலை 10.30, 13ஆம் தட்டில் 45 செ.மீ. ஆழத்தில் சட்டெனப் பிரிந்தது. அடியில் சர்ஃபேஸ் ஹோர்.’ இதனோடு, ஏறும்போது காலடியில் ‘வும்ஃப்’ என்று பனி அமுங்கிய ஒலி கேட்டதா, ஸ்கீயின் முனையிலிருந்து விரிசல் ஓடியதா, எதிர்மலையில் புதிதாக விழுந்த பனிச்சரிவுகள் தெரிந்தனவா, காற்று எந்தப் பக்கத்துப் பனியை வாரி எங்கே குவித்தது என்பவற்றையும் சேர்த்துவிட்டால் அதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடையாது. குழியில் ஒன்றும் பிரியவில்லை என்றால் அதையும் அதே அளவு விவரத்தோடு எழுதுங்கள். ஆனால் ஒரு குழி ஒரு மலைக்குச் சாட்சி சொல்லாது என்பதை நினைவில் வைத்து, அதிலிருந்து தீர்ப்புக்குத் தாவாதீர்கள். புதிய பனிச்சரிவுகளையும் விரிசலையும் கண்ட நாளில், குழி எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் அதை நம்பக் கூடாது.

ஜிபிஎஸ் தடத்தை மட்டும் அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் அன்றைய ஆபத்து நிலை இல்லை, ஏன் அந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற விளக்கமும் இல்லை. அசல்கன் குடிலுக்குப் போகும் வழியில் பல பனிச்சரிவுப் பாதைகள் ஒன்றாக வந்து கூடும் மவுஸ்டிராப் என்ற இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒருவர் ஒரு நாள் அதிகாலைக் குளிரில், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, நில்லாமல் கடந்திருப்பார். அவருடைய கோடு அதைச் சொல்லாது. அதே கோட்டில் இன்னொருவர் வெயிலேறிய மதியத்தில் நின்று படமெடுப்பார். மேலும் ரோஜர்ஸ் பாஸில் பல பகுதிகள் நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் 105 மி.மீ. பீரங்கியால் சுடும் எல்லைக்குள் வருகின்றன. குளிர்கால அனுமதிச் சீட்டோடு, அந்தப் பகுதி அன்று திறந்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு காலையும் பார்த்தாகவேண்டும். நேற்றைய தடம் இன்றைய அனுமதி ஆகாது.

நம் குழுக்களுக்கென்றே உள்ள ஒரு சங்கடத்தையும் தொடாமல் விடமுடியாது. மூத்த அண்ணா ஒருவர் ‘போகலாம் தம்பி’ என்று சொல்லிவிட்டால், பின்னால் வருபவர் காலடியில் வும்ஃப் கேட்டிருந்தாலும் வாய் திறப்பதில்லை. அது மரியாதைக் குறைவாகிவிடும் என்ற தயக்கம். இது நம்மவர்களிடம் மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மக்காமன், பழகிய இடம் என்ற துணிவு, தலைமை ஏற்பவர் மீதான நம்பிக்கை, பிறர் முன் நல்ல பெயர் வாங்கும் ஆசை போன்றவை பயிற்சி பெற்றவர்களையும் எப்படிச் சறுக்க வைக்கின்றன என்று காட்டினார். 2012 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே பதினாறு பேர், பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள், ஒன்றாகக் கிளம்பி மூவரை இழந்தபோதும், சிலருக்கு முன்கூட்டியே இருந்த ஐயம் வாயைத் தாண்டி வரவில்லை. ஆகவே குழுவில் யார் என்ன ஐயப்பட்டார், அதைச் சொன்னாரா, சொன்னதும் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். ‘தங்கை ஒருவர் வேண்டாம் என்றார், நாங்கள் மரங்களுக்குள் இறங்கிவிட்டோம்’ என்ற வரி ஒரு மூத்தவரின் கையால் எழுதப்பட்டால், அடுத்த குழுவில் இளையவர் ஒருவர் வாய் திறப்பது எளிதாகும்.

சிக்கிப் பிழைத்தவர்களோ, பனி சரிந்ததைக் கண்டு தப்பியவர்களோ எழுதத் தயங்குவதற்குக் காரணம் நாம்தான். யாராவது எழுதிவிட்டால், ‘அந்த நிலையில் அங்கே ஏன் போனீர்கள்?’ என்று வரிசையாக வந்து நிற்கிறோம். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு பெரிதாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பீக்கன் (புதைந்தவரின் சிக்னலைத் தேடும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி), ஷவல் மூன்றையும் ஒருவர் உண்மையில் பயன்படுத்திய அனுபவம், எது சிக்கியது, எது தாமதமாக்கியது என்ற விவரம், வேறெங்கும் கிடைக்காத செய்தி. அதை எழுதுபவரை விசாரணைக் கூண்டில் ஏற்றாதீர்கள். பெயரில்லாமல் அனுப்ப விரும்பினால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரகசியமான இடங்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறேனோ என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: சரிவின் பெயர் வேண்டாம். பள்ளத்தாக்கின் பெயரும் உயரமும் திசையும் போதும். உங்கள் பொடிப்பனி உங்களுக்கே.

வரும் பருவத்துக்கு முதல் வேலையாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நவம்பரில் இன்னும் கீழே கற்கள் தெரியும்போதே சிலர் மேலே போய்விடுகிறீர்கள். அப்போது மழை பெய்தால், அது எந்தத் தேதியில், எந்த உயரம் வரை மழையாகப் பெய்தது, அதன் பின் எத்தனை நாள் வானம் தெளிந்து குளிர்ந்தது என்பதைக் குறித்து அனுப்புங்கள். மார்ச் மாதத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் தட்டுப்படும் மேலோடு எப்போது உண்டானது, மலையின் எந்தப் பட்டை வரை பரவியிருக்கிறது என்று குழிக்குள் நின்று யோசிப்பவருக்கு அந்தத் தேதியும் அந்த உயரமும் தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் குறிப்புகளின் வாசகன்