நடந்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், ‘அறுபதைத் தாண்டியவர்கள் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், எடை தானாக இறங்கும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. எடை இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உடம்பிலிருந்து எது இறங்குகிறது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். என் மாமனார் காலத்திலிருந்து தங்கள் இதழ் வரும் வீடு இது. அச்சில் வந்ததை அப்படியே கடைப்பிடிக்கிறவர்கள் எங்கள் தலைமுறையினர் என்பது தாங்கள் அறியாததல்ல.

என் அக்கா அப்படிக் கடைப்பிடித்தவர். சர்க்கரையும் மூட்டுவலியும் இருந்ததால் எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. காலையில் கோதுமைக் கஞ்சி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், இரவு வெறும் மோர், மாலையில் குளத்தைச் சுற்றி நடை என்று அக்காவே ஒரு முறையை வைத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் பத்து கிலோவுக்கு மேல் இறங்கியது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது, அதை மறைக்கவில்லை. தெருவே பாராட்டியது. ஆனால் பூஜை அறையில் உட்கார்ந்தவர் நிலைக்கதவைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. டவுன் பஸ்ஸில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் அக்காவின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பருப்பு, முட்டையெல்லாம் சாப்பிடுவதே இல்லையாம்மா?” என்று கேட்டாள். அதற்கு முன் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்தே கரைக்கிறது. வயதானவர்களின் தசை, சாப்பிடும் புரதத்தை இளையவர்களின் தசையைப் போல எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் நமக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. நம் நாட்டில் வயது வந்தவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் உணவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 60, 70 கிராம். இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் மோரும் எத்தனை கிராம் தரும்? ஆறு, ஏழு தேறினால் அதிகம். தாங்கள் விடச் சொன்ன அந்த இரவு வேளையில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிடச் சொல்லியிருக்கலாமே.

நடையை நான் குறை சொல்லவில்லை. இதயத்துக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் தசையைக் காக்க அது மட்டும் போதாது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, உடல் பருமனான 160 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் உடல் இயக்கம் அதிகமாகத் தேறியது. ‘இந்த வயதில் இனி என்ன சதை வைக்கும்’ என்பவர்களுக்கு இன்னொன்று: பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு வலுப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அது வெளியானது 1990இல். இத்தனை ஆண்டுகளில் தங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பையன்களுக்குத் தண்டாலும் பஸ்கியும், பெண்களுக்குக் கோலாட்டமும் கும்மியும் என்று பிரித்து வைத்திருந்த காலத்திலிருந்து போராடியிருக்கிறேன். பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது என் வகுப்புதான். கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். அன்று பஸ்கி எடுக்க விடாமல் உட்கார வைத்த பெண்களுக்குத்தான் இன்று அறுபதும் எழுபதும் ஆகிறது. வீட்டிலும் அவர்கள் கடைசியில்தான் சாப்பிட்டார்கள். குழம்பில் கிடக்கும் பருப்பு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய், அடியில் மிஞ்சிய ரசமும் ஊறுகாயும் அவர்களுக்கு வரும். கணவர் போய்விட்டால் ஒருபொழுது. இப்படிக் காலமெல்லாம் புரதம் குறைவாகவே சாப்பிட்டவர்களைப் பார்த்து, இன்னும் ஒரு வேளையை விடுங்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதியவர்களுக்கான கட்டுரைக்கு மேலே, ஜிம்மில் நிற்கும் இருபது வயதுப் பெண். எதிர்ப் பக்கத்தில் உடல் மெலிய வைக்கும் பவுடர் விளம்பரம். நரைத்த தலையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் படத்தைப் போட்டிருந்தால், அதைப் பார்த்தாவது நாலு பேர் செய்திருப்பார்கள். முன்பு இதைப் பற்றி எழுதியபோது, தங்கள் இதழைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. இனி முதியவர்களின் எடைக் குறைப்பு பற்றி எது எழுதினாலும், அதன் அடியில் பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: “ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றில் ஏதாவது இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது போன்ற வலுப்பயிற்சி செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள்.”

இடம் போதாவிட்டால் என் கடிதத்தின் மற்ற பகுதிகளையெல்லாம் வெட்டிவிட்டு, அந்தப் பெட்டியை மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கும்பகோணம்.