டைகர் உட்ஸின் மன்னிப்புக்கு மார்க் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்களை யாரும் நடுவராக நியமிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் 2010 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் மன்னிப்புக் கேட்க அந்த நீலத் திரைக்கு முன்னால் வந்து நின்றாரே, அந்த நிமிடத்திலிருந்து இன்றுவரை நீங்கள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்தபாடில்லை. யாராவது ஒரு விளையாட்டு வீரர் வீட்டுக்காரியை ஏமாற்றி மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் தழுதழுத்தால் போதும், பதிமூன்றரை நிமிடம் ஓடும் அந்தப் பழைய வீடியோவைத் தூசி தட்டி எடுத்துவந்து, டைகர் இதைவிட நன்றாகக் கேட்டார், இல்லை டைகர் இதைவிட மோசம் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

மறந்துபோனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 நவம்பர் 27, அமெரிக்காவின் நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள், விடிய நேரம் கிடக்கும்போதே ஃபுளோரிடாவில் தன் வீட்டிலிருந்து காரை எடுத்த டைகர், தெருவோரத் தீயணைப்புக் குழாயில் இடித்து அப்புறம் ஒரு மரத்தில் மோதி நின்றார். போலீஸ் போட்ட அபராதம் 164 டாலர். அதற்குச் சற்று முன்புதான் ஒரு வம்புப் பத்திரிகை அவருடைய கள்ள உறவைப் பற்றி எழுதியிருந்தது. விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாக வெளியே வர, டிசம்பர் 11 அன்று மனைவிக்குத் துரோகம் செய்ததை ஒப்புக்கொண்டு, காலவரையின்றி ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். பிப்ரவரியில்தான் ஆள் நேரில் வந்தார்.

இது டைகருக்கு வக்காலத்து வாங்கும் மடல் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருக்க, ஊர் ஊராகப் பொய் சொல்லித் திரிந்த மனிதர் அவர். அதை அவரே மழுப்பாமல் சொன்னார். நான் உண்மையாக இருக்கவில்லை, வேறு உறவுகள் வைத்திருந்தேன், ஏமாற்றினேன் என்றார். வாழ்நாள் முழுக்க உழைத்துவிட்டோம், இனி கண்ணில் படும் சுகத்தையெல்லாம் அனுபவிக்க நமக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துவிட்டதாகவும், காசும் புகழும் இருந்ததால் அதைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை என்றும் சொன்னார். என்னைக் கேட்டால் அந்தப் பேச்சிலேயே உருப்படியான இடம் அதுதான், ஏனென்றால் உச்சத்தில் இருக்கும் ஒரு ஆண் தப்பு செய்யும்போது தனக்குத்தானே என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறான் என்பதை அவ்வளவு பச்சையாக எந்த வீரரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் அதைப் பற்றிப் பேசினீர்களா? இல்லை. அவர் ஏன் அழவில்லை என்று பேசினீர்கள்.

காகிதத்தைப் பார்த்துப் படித்தார், அதற்கு மார்க் குறைத்தீர்கள். நடுநடுவே நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார், அது யாரோ சொல்லிக்கொடுத்தது என்று அதற்கும் குறைத்தீர்கள். டை கட்டவில்லை, குரல் தட்டையாக இருந்தது, கடைசியில் அம்மாவைக் கட்டிப்பிடித்தது மட்டும் பரவாயில்லை. டிவி ஸ்டூடியோக்களில் உடல்மொழி வல்லுநர்கள் என்று சிலரை உட்காரவைத்திருந்தார்கள், கை எங்கே இருந்தது, புருவம் எப்போது உயர்ந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களும் தலையாட்டினீர்கள். பேச்சின் பாதிக்கு மேல் எதிரில் இருந்த கேமரா கோளாறாகி, மிச்சத்தைப் பக்கவாட்டுக் கேமராவிலிருந்துதான் காட்டினார்கள். பாதி முகம் மட்டும் தெரிந்த அந்த நிமிடங்களை வைத்தும் அவர் மனசைப் படித்துவிட்டீர்கள்!

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வயதில் தொலைக்காட்சியில் பந்தடித்துக் காட்டிய பிள்ளை. அப்பா எர்ல், மகன் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்துப் பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிச் சத்தம் எழுப்பி, எது நடந்தாலும் கவனம் கலையாமல் ஆடப் பழக்கியவர். அப்படி வளர்ந்தவர் 2008க்குள் மேஜர் எனப்படும் பெரிய கோல்ஃப் போட்டிகளில் 14 பட்டங்களை வென்றார், அப்போதெல்லாம் 'என்ன மன உறுதி, முகத்தில் ஒரு சலனம் உண்டா பார்' என்று நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே முகம்தான் பிப்ரவரி 19 அன்றும் வந்தது. மைதானத்தில் அது தவம், மேடையில் அது திமிர் என்றால் அந்த மனிதர் எந்த முகத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அழுதிருந்தால் மட்டும் விட்டிருப்பீர்களா? முதலைக் கண்ணீர் என்று தலைப்புத் தயாராக இருந்திருக்கும்.

சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன. அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர்.

அவரை வைத்து விளம்பரம் செய்த கம்பெனிகள் முதலில். அக்சென்சர் டிசம்பரிலேயே கைகழுவியது, வருடம் முடிவதற்குள் ஏடி அண்ட் டி, மன்னிப்புக்குச் சில நாள் கழித்து கேட்டரேட். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வாங்கியது ஒரு படத்தை, படம் கிழிந்ததும் போய்விட்டார்கள், கணக்கு சரி. விட்டுப் போகாத நைக்கி செய்ததுதான் எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. ஏப்ரலில், மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டி ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. டைகர் பேசாமல் கேமராவைப் பார்த்து நிற்கிறார், பின்னணியில் 2006இல் இறந்துபோன அவர் அப்பாவின் குரல், நீ என்ன நினைக்கிறாய், ஏதாவது கற்றுக்கொண்டாயா என்று கேட்கிறது. செத்துப்போன தகப்பனின் பழைய பேச்சை எங்கிருந்தோ எடுத்துவந்து, மகனின் அவமானத்தோடு ஒட்டி, ஷூவும் தொப்பியும் விற்றார்கள். பிப்ரவரியில் காகிதம் பார்த்துப் படித்தது போலி என்றவர்களில் பலர் இதை 'துணிச்சலான விளம்பரம்' என்று பாராட்டினார்கள்.

சக ஆட்டக்காரர் எர்னி எல்ஸ், இது சுயநலம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அந்த வாரம் அரிசோனாவில் போட்டி நடந்துகொண்டிருந்தது, அதுவும் டைகரைக் கழற்றிவிட்ட அதே அக்சென்சர் நடத்தும் போட்டி. வெள்ளிக்கிழமை பார்த்து எல்லாக் கேமராவையும் ஃபுளோரிடா பக்கம் இழுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது. இது தொழில் சங்கதி, தொழிலாகவே பேசினார், முடிந்தது.

கோல்ஃப் எழுத்தாளர் சங்கத்துக்கு மூன்று இடம் ஒதுக்கியும், கேள்வி கேட்க விடமாட்டீர்கள் என்றால் வரமாட்டோம் என்று ஓட்டுப் போட்டுப் புறக்கணித்தார்கள். இதிலும் அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதி எது என்பதுதான் முக்கியம். கனடாவில் ஒரு மருத்துவர் மேல் மருந்து விவகாரத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது, டைகருக்கு முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு வைத்தியம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். டைகர் அந்தப் பேச்சிலேயே, நான் ஊக்கமருந்து எதுவும் எடுத்ததில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்தார். பொதுமக்களுக்கு, ரசிகர்களுக்கு, எதிர்த்து ஆடித் தோற்றவர்களுக்கு உண்மையிலேயே பாத்தியதை உள்ள விஷயம் அந்தப் பதிமூன்றரை நிமிடத்தில் அது ஒன்றுதான். ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டதா என்பதை நாம் கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும். அந்த வரியைப் பற்றி எத்தனை பேர் பேசினீர்கள்? எத்தனை பெண்கள் என்று எண்ணுவதில் மும்முரமாக இருந்தீர்கள்.

மதம் மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஜனவரியிலேயே ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அரசியல் விமர்சகர் பிரிட் ஹியூம், பௌத்தத்தில் கிறிஸ்தவத்தில் இருப்பது மாதிரி மன்னிப்பு கிடையாது, டைகர் இந்தப் பக்கம் வரட்டும் என்று அழைப்பு விடுத்தார். டைகர் தன் தாய்லாந்து அம்மா சொல்லிக்கொடுத்த பௌத்தத்தைவிட்டு விலகிவிட்டதாகவும், திரும்பப் போவதாகவும் உரையிலேயே சொன்னார். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் வாசலில் வந்து கடை போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த நடுவர், மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் அப்போதைய தலைவர் பில்லி பெய்ன். ஏப்ரல் 7ஆம் தேதி, டைகர் திரும்பி ஆட வந்த வாரத்தில், பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். டைகர் எங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டார், அதைவிட எங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஏமாற்றிவிட்டார், இனிமேல் அவரை ஆட்டத்தை மட்டும் வைத்து அளக்கமாட்டார்கள், திருந்த எவ்வளவு உண்மையாக முயல்கிறார் என்பதையும் வைத்து அளப்பார்கள் என்கிற ரீதியில் போனது அந்தப் பேச்சு. நீதி சொன்ன கிளப்பைப் பாருங்கள். கறுப்பினத்தவர் ஒருவரை முதன்முதலாக உறுப்பினராகச் சேர்த்தது 1990இல். பெய்ன் இதைப் பேசிய அன்று அங்கே ஒரு பெண் உறுப்பினர்கூடக் கிடையாது, முதல் இரண்டு பெண்களைச் சேர்த்ததே 2012இல்தான். ஒரு பெண்ணுக்கு நடந்த துரோகத்துக்காக மனம் புண்பட்ட அந்தக் கூட்டத்தில், அந்தப் பெண்ணே விண்ணப்பித்திருந்தாலும் இடம் கிடைத்திருக்காது. பேரப்பிள்ளைகளில் பேத்திகளும் சேர்த்தியா என்று அங்கிருந்த நிருபர் யாராவது கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இனி. டைகரின் அப்போதைய மனைவி எலின் நோர்டகிரென். மன்னிப்புக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. டைகர் சொன்னார், உண்மையான மன்னிப்பு வார்த்தையில் வராது, நீ போகப்போக எப்படி நடந்துகொள்கிறாய் என்பதில்தான் வரும் என்று எலின் என்னிடம் சொல்லிவிட்டார் என்று. பாருங்கள், பாதிக்கப்பட்டவர் தன் தீர்ப்பை வீட்டுக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டார். அது எங்கும் எடுபடவில்லை, எடுபட்டது கோல்ஃப் மட்டை ஜோக்குகள். விபத்தன்று இரவு, காருக்குள் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுக்கப் பின் கண்ணாடியை மட்டையால் உடைத்ததாக எலின் சொல்ல, உடனே பெண்டாட்டி விரட்டி விரட்டி அடித்தாள் என்று கதை கட்டினார்கள். டைகர் மறுத்தார், எலினும் மறுத்தார், ஜோக் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவின் பிரபலமான ஒரு சனிக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சியில் மனைவி அடித்து டைகர் காயங்களோடு வருவதாகக் காட்டிச் சிரித்தார்கள், அன்று அதே மேடையில் பாட வந்திருந்தவர் ரிஹானா. அதே வருடத் தொடக்கத்தில் காதலனிடம் அடிபட்ட ரிஹானா. அடித்த மனைவி என்றால் சிரிப்பு வருகிறது, ஏமாந்த மனைவி என்றால் இரக்கம் வருகிறது, ஜீவனாம்சம் வாங்கும் மனைவி என்றால் பேராசைக்காரி. எலினை இந்த மூன்றாகவும் நீங்கள் வைத்துப் பார்த்தீர்கள், அவர் ஒரு வார்த்தையும் உங்களிடம் பேசாமல் இருந்த அந்த மாதங்களில்.

2010 ஆகஸ்டில் விவாகரத்து முடிந்தது. அப்போது ஒரே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார், நரகத்தைக் கடந்து வந்தேன் என்றார், அதோடு தன் படிப்பைத் தொடரப் போய்விட்டார். 2014இல் ஃபுளோரிடாவின் ராலின்ஸ் கல்லூரியில் உளவியல் பட்டம் வாங்கியபோது மாணவர்கள் சார்பில் பேசிய அவர், ஊடகம் பற்றிய பாடம் ஒன்றை முடித்த கையோடுதான் ஊடக வெளிச்சத்துக்குள் தள்ளப்பட்டேன், அந்த வகுப்பில் இன்னும் கொஞ்சம் குறிப்பு எடுத்திருக்கலாம் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். இந்த விவகாரத்தில் நான் கேட்டதிலேயே நல்ல நகைச்சுவை இதுதான்.

அவரே கேட்டாரே, என்னைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டிய பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று டைகர்தானே சொன்னார், அப்படியானால் மார்க் போட எங்களுக்கு உரிமை உண்டுதானே என்பீர்கள். சொன்னார். அறக்கட்டளை ஊழியர்களிடம், விளம்பரக் கூட்டாளிகளிடம், ரசிகர்களிடம் என்று பந்தியில் இலை போடுவது மாதிரி எல்லோருக்கும் ஒன்று வைத்தார். அதுதான் அந்தப் பேச்சின் பெரிய கோளாறு என்பேன். போட்ட இலை முன்னால் நாம் உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்தவர்கள் 2019இல் என்ன செய்தோம் தெரியுமா? அவர் மாஸ்டர்ஸை மறுபடி வென்றார், பதினைந்தாவது மேஜர், அடுத்த மாதமே வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் தரும் சுதந்திரப் பதக்கம். அன்றைக்கு எங்கே பார்த்தாலும் 'மன்னித்துவிட்டோம்', 'பாவம் கழுவப்பட்டது', 'மீண்டு வந்தார்'. அகஸ்டா கிளப் மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டை மாட்டிவிட்டது. முதுகில் அறுவை மேல் அறுவை செய்துகொண்டு 43 வயதில் ஜெயித்தது அசாத்தியம், நானும் விழித்திருந்து பார்த்துக் கைதட்டினேன். ஆனால் பந்து குழியில் விழுந்ததற்கும் எலினுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதற்கும் என்ன சம்பந்தம்? பத்து வருடம் முன்பு தண்டிக்க நமக்கு இல்லாத அதிகாரம், மன்னிக்க மட்டும் எப்படி வந்தது? அவர் 2019இல் இரண்டாவதாக வந்திருந்தால் அந்த மன்னிப்பு கிடைத்திருக்குமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வீரர் ஒருவர் எப்படியும் வருவார். அவர் ஊக்கமருந்து எடுத்திருந்தால், காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றிருந்தால், யாரையாவது வற்புறுத்தியோ அடித்தோ இருந்தால் விடாமல் கேளுங்கள், நானும் கூட வருகிறேன், எத்தனை மன்னிப்பு வாசித்தாலும் விடவேண்டாம். வீட்டுக்குள் செய்த துரோகம் மட்டும்தான் என்றால் அழுதாரா, எழுதிவைத்துப் படித்தாரா என்று கணக்கெடுப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்குத் திரும்பி வந்தால் ஆட்டத்தைப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் சேனலை மாற்றுங்கள். அப்புறம், எலின் அந்த விவாகரத்துப் பணத்தை வாங்கியிருக்கக் கூடாது என்றும், பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போயிருக்கலாம் என்றும் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கும் அன்பர்களே, முதலில் நீங்கள் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கோல்ஃப் பார்க்கும் ஒருவன்