இரண்டு கைப்பிடி இலை

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் உன் ஆய்வுக்கூட வேலையைப் பற்றிக் கேட்டால் "சாப்பிட்டீங்களாப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பங்குனியில் நித்தியகல்யாணி முதல் இலை உருவியாச்சு. களத்தில் காயப்போட்டு, சிப்பம் கட்டித் திண்ணையில் அடுக்கியிருக்கிறேன். வியாபாரி இன்னும் வந்தபாடில்லை.

முந்தாநாள் மேலத்தெருச் சித்தப்பன் வந்தான். அவன் பேரனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னேனே, ஆறு வயசு. ஊசி போட ஆரம்பித்ததும் முடி கொட்டி, காலும் மரத்துப்போகிறதாம். "அண்ணே, அந்த ஊசி மருந்தே உங்க காட்டு இலையிலதானே எடுக்கிறாங்க? ரெண்டு கைப்பிடி கொடுங்க. சாறு பிழிஞ்சு கொடுத்துட்டு ஊசியை நிறுத்திரலாம்" என்றான்.

நான் கொடுக்கவில்லை. நீ சொன்ன கதையைத்தான் சொன்னேன். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் உங்கள் ஒண்டாரியோவுக்கு உறையில் இந்தச் செடியின் 25 இலை வந்தது. அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள் சர்க்கரை நோய்க்கென்று அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழி கொடுத்ததில் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினால் எலிகள் கிருமி தொற்றிச் செத்தன, வெள்ளை அணுக்கள் அவ்வளவு சரிந்திருந்தன. அங்கே பிடித்த நூல்தான் வின்பிளாஸ்டின் என்கிற புற்றுநோய் மருந்து. பிறகு அமெரிக்காவில் லில்லி மருந்துக் கம்பெனிக்காரர்கள் இதே செடியில், பையனுக்குப் போடுகிற வின்கிரிஸ்டினை எடுத்தார்கள், 1963இல் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதையும் பிள்ளையின் உடம்பை அளந்து மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாயில்தான் ஏற்றுகிறார்கள். தவறிப்போய் முதுகுத்தண்டில் போட்டால் உயிருக்கே ஆபத்து. கைப்பிடிச் சாற்றில் எவ்வளவு இருக்கும், அதோடு வேறு என்னென்ன சேர்ந்து வரும் என்று எவன் அளப்பான்? ஆடுகூட வாய் வைக்காத செடி இது.

அவன் முகம் சுண்டிப்போய் எழுந்து போனான். எனக்கும் ராத்திரி தூக்கமில்லை.

அப்புறம்தான் உன் நினைப்பு வந்தது. முப்பது மூலிகைச் சாறு சோதித்தும் ஒன்றும் தேறவில்லை என்றாயே. ஒன்று மட்டும் புற்று அணுவைக் கொன்றது, கூடவே நல்ல அணுவையும் கொன்றுவிட்டது என்று சொன்னபோது உன் குரல் உள்ளே போய்விட்டது. "தட்டுல பிளீச்சிங் பவுடரைப் போட்டாலும் அணு சாகும்பா" என்றும் நீதான் சொன்னாய். சொந்தத் தம்பி கையேந்தி நிற்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு அதுதான் தெம்பு கொடுத்தது. நீ நோட்டில் "பலன் இல்லை" என்று எழுதிவைத்த முப்பது வரியும் வீண் என்று என்னிடம் சொல்லாதே.

சரி, ஒரு வேலை இருக்கிறது. சித்தப்பன் நம்பர் அம்மாவிடம் வாங்கிக்கொள். எடுத்த எடுப்பிலேயே அறிவுரை வேண்டாம், முதலில் பையனைப் பற்றிக் கேள். இந்த மருந்து மற்ற மருந்துகளோடு சேர்ந்து, முழுசாக வைத்தியம் பார்க்கிற இடங்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்று அப்புறம் சொல். கால் மரத்துப்போவதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். நான் சொன்னால் இலைக்காரன் பேச்சு. நீ சொன்னால் கேட்பான்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அவன் வீட்டில் இருப்பான். உனக்கு அப்போது காலைதானே?

அன்புடன்
அப்பா